இருபது நிமிடப் பாட்டா என்று கேட்கும் நண்பருக்கு: கிரேட்ஃபுல் டெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழுவோடு எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அந்தப் பதினைந்து வருடங்களில் நான் அதிகம் பாடுபட்டது நெருங்கிய நண்பர்களை அந்த இசையைக் கேட்கவைக்கத்தான். சிலரிடம் தோற்றேன், சிலரிடம் ஜெயித்தேன். ஜெயித்த இடங்களில் எல்லாம் நான் வாதாடவே இல்லை என்பது பின்னால்தான் உறைத்தது. சரியான பாட்டைச் சரியான வரிசையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். என்னைப்போல முயல்கிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்களிடம் அவர்களுடைய நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஜாம் பேண்ட் என்றால் என்ன?

மேடையில் மனோதர்மமாக வாசிப்பதையே உயிராகக் கொண்ட ராக் குழு. பாட்டுக்கு மெட்டு உண்டு, வரிகள் உண்டு. ஆனால் நடுவில் எவ்வளவு தூரம் போவது, எந்த வழியாகத் திரும்புவது என்பது அன்றைய இரவில்தான் முடிவாகும். பிற்காலத்தில் ஃபிஷ் போன்ற பல குழுக்கள் வந்தாலும் இந்த மரபு கிரேட்ஃபுல் டெட்டிலிருந்துதான் கிளைத்தது.

பெயரே பயமாக இருக்கிறதே. மண்டையோட்டுப் படம் வேறு. கூச்சல் இசையா?

இல்லை. கூச்சலை எதிர்பார்த்து வருகிறவர் மாண்டலினையும் மெல்லிய கிட்டாரையும் கேட்டு வியந்துபோவார். 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய குழு இது. அந்தப் பெயரை மாற்ற நினைத்தபோது குழுவின் கிட்டார்க் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா ஓர் அகராதியைப் பிரித்தார். கண்ணில் பட்டது ஒரு நாட்டுப்புறக் கதை வகையின் பெயர். கடனை அடைக்காமல் செத்துப்போனவனின் உடல் அடக்கம் செய்யப்படாமல் கிடக்கிறது. அந்த வழியாக வரும் பயணி கையில் இருக்கும் காசையெல்லாம் கொடுத்து அடக்கம் செய்கிறான். பிறகு அவனுக்கு ஓர் ஆபத்து வரும்போது முகம் தெரியாத ஒருவன் துணைக்கு வருகிறான். அந்த இறந்தவனின் ஆவிதான் அது. நன்றி மறக்காத இறந்தவன் என்பதே பெயரின் பொருள். செய்ந்நன்றி பற்றிய கதை என்று சொல்லிப் பாருங்கள், நண்பரின் முகம் மாறும். எனக்கு இந்தக் கதை பல வாசல்களைத் திறந்துகொடுத்திருக்கிறது.

முதலில் எதைக் கேட்கவைக்க வேண்டும்?

நான் செய்த தவறைச் சொல்கிறேன். கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர். பத்து வருடம் மிருதங்கம் கற்றவர், தாளத்தில் அவருக்குத் தெரியாதது குறைவு. இவருக்கு உயர்ந்ததைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, 1969இல் வெளிவந்த 'லைவ் டெட்' தொகுப்பிலிருந்து 'டார்க் ஸ்டார்' போட்டேன். இருபத்து மூன்று நிமிடம். முதல் வரி பாடப்படுவதற்கே பல நிமிடங்கள் ஆகும். நடுவில் நண்பர், "இன்னும் சுருதிதான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். விளக்கம் தொடங்கிய இடத்தில் கேட்பது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் முன்னால் அந்தக் குழுவின் பெயரை எடுக்கவில்லை.

ஆகவே முதல் நாளில் நீளமான எதுவும் வேண்டாம். 1970இல் வெளிவந்த 'அமெரிக்கன் பியூட்டி' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் சில நிமிடப் பாட்டுகள்தான். கிராமிய இசையின் வாசனை, பல குரல்கள் சேர்ந்து பாடும் இணக்கம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுவது போன்ற நெருக்கம். அதில் வரும் 'ரிப்பிள்' பாட்டைப் பிடிக்காது என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதே ஆண்டில் வந்த 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்' தொகுப்பும் இப்படித்தான். இந்தக் குழுவுக்குப் பாட்டு எழுதத் தெரியும் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும். அது வந்த பிறகுதான் அந்தப் பாட்டை அவர்கள் அவிழ்த்துக் காட்டும்போது கேட்கப் பொறுமை வரும்.

ஒரே பாட்டை ஏன் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும்? ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததா?

நண்பர்கள் கேட்பதிலேயே நியாயமான கேள்வி இதுதான். இதற்குச் சொற்களால் பதில் கிடையாது. ஒரே பாட்டை இரண்டு முறை போட்டுக் காட்டுவதுதான் பதில்.

எனக்கு எப்போதும் கைகொடுப்பது 'ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்'. 1973இல் வெளிவந்த 'வேக் ஆஃப் த ஃப்ளட்' தொகுப்பில் அது ஐந்து நிமிடச் சொச்சம். அழகான மெட்டு, துள்ளலான நடை, முடிந்துவிடும். அதை முதலில் போடுங்கள். இரண்டு நாள் கழித்து அதே பாட்டின் இன்னொரு இரவைப் போடுங்கள்: 1990 மார்ச் 29, நியூயார்க் அருகே நாசாவ் கொலிசியம் அரங்கம். அன்று ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் விருந்தினராக வந்திருந்தார். ஒத்திகை கிடையாது. முதல் பகுதியில் ஒரு பாட்டுக்கு மட்டும் மேடையேறியவரை விட மனமில்லாமல் இரண்டாம் பகுதிக்கும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் தொடக்கமே இந்தப் பாட்டு. சாக்ஸஃபோன் ஒரு சொற்றொடரை வாசிக்கிறது. கார்சியாவின் கிட்டார் அதன் கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திருப்புகிறது. பாதை தெரியாத இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், தடுக்கி விழவே இல்லை. ஐந்து நிமிடப் பாட்டில் இதற்கு இடம் எங்கே? நண்பர் மெட்டை ஏற்கெனவே அறிந்திருப்பதால் எங்கே விலகினார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது அவருக்கே புலப்படும். நீளம் அப்போது நீளமாகத் தெரியாது.

'டார்க் ஸ்டார்' பாட்டும் 1968இல் தனி இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவுதான். அடுத்த வருடமே இருபத்து மூன்று. நான் மிருதங்க நண்பருக்குச் சின்னதைக் காட்டாமல் பெரியதைக் காட்டினேன். விதையைக் காட்டாமல் மரத்தைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது தெரிகிறதா என்று கேட்டது போல.

கேட்கும்போது எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம். இதற்கு மேல் சொல்லாதீர்கள்.

கார்சியாவின் கிட்டாரைக் கேட்கும் நாளில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனி மணியாக விழுவதைக் கவனிக்கச் சொல்லலாம். அவர் பேஞ்சோ வாசித்து வளர்ந்தவர். அந்தப் பழக்கத்தின் சாயல் அது. நான்கு வயதில் விறகு வெட்டும்போது நேர்ந்த விபத்தில் வலது கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர் என்பதையும் சொல்லுங்கள்.

ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிட்டாருக்கு ஒரு தனி நாள் கொடுக்க வேண்டும். மற்ற ராக் குழுக்களில் பேஸ் என்பது அஸ்திவாரம், அசையாமல் நிற்கும். லெஷ் வயலினும் டிரம்பெட்டும் கற்று, நவீன மேற்கத்திய செவ்வியல் இசையில் ஊறியவர். குழுவில் சேரும் வரை பேஸ் கிட்டாரைத் தொட்டுப் பழகாதவர். அதனால் அவருடைய பேஸ் கீழே நிற்காமல் கிட்டாரோடு எதிர்வாதம் செய்துகொண்டே நடக்கும். நல்ல ஹெட்ஃபோன் இல்லையென்றால் இது காதில் விழாது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டு நண்பரை இழந்துவிடாதீர்கள்.

பாப் வியரின் கிட்டார் கடைசியாகத்தான் பிடிபடும். அவர் கிட்டார்க் கலைஞர்களைவிட ஜாஸ் மேதை ஜான் கால்ட்ரேன் குழுவின் பியானோக் கலைஞர் மெக்காய் டைனரின் இடது கையைக் கேட்டுக் கற்றவர். மற்றவர்கள் விட்ட இடைவெளியில் எதையாவது செருகிக்கொண்டே இருப்பார். அவரை நீக்கிவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்பது எனக்குப் புரியவே மூன்று வருடம் ஆயிற்று.

பாடுகிறவர்கள் சுருதி விலகுகிறார்களே?

ஆம், பல இரவுகளில் விலகுகிறார்கள். இதை மறுத்து நண்பரிடம் சண்டை போடாதீர்கள். அவர் காது சரியாகத்தான் இருக்கிறது. 1970களில் குழுவோடு பாடிய டோனா ஜீன் காட்சோவைப் பலர் இதற்காகக் குறை சொல்வார்கள். அவர் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் தொடங்கி, எல்விஸ் பிரெஸ்லி உள்ளிட்டோருக்குப் பின்னணி பாடிய தேர்ந்த பாடகி. டெட்டின் மேடையில் எழும் ஒலிக்கு நடுவே தன் குரலே தன் காதில் விழாமல் பாட வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. இதைச் சொன்னால் குறை மறையாது, ஆனால் பழி சரியான இடத்துக்குப் போகும்.

கார்சியாவின் குரலைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது கனமான குரல் அல்ல, பயிற்சி பெற்ற குரலும் அல்ல. ஆனால் மெதுவான பாட்டுகளில் அது உடையும் இடம் பொய்யில்லாமல் உடைகிறது.

கர்நாடக இசை கேட்கும் நண்பருக்கு எது சரிப்படும்?

"நம் கச்சேரி மாதிரிதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ராக இலக்கணம் கிடையாது, தாளக் கணக்கை முடிக்கும் கோர்வை கிடையாது. எதிர்பார்த்து வந்தவர் ஏமாறுவார்.

உண்மையான உறவு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். குழுவின் இரு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை உஸ்தாத் அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு பல காலம் இணைந்து வாசித்தவர். 1991இல் ஹார்ட் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் கடம் வாசித்தவர் நம்முடைய விக்கு விநாயக்ராம். உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமி விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது அது இந்தத் தொகுப்புக்குத்தான் போனது. இதை மிருதங்க நண்பரிடம் சொன்ன அன்றுதான், ஒரு வருட மௌனத்துக்குப் பிறகு, "சரி, அந்த ஆள் வாசித்ததைப் போடு" என்றார்.

நான் போட்டது 'தி இலெவன்'. அதே 'லைவ் டெட்' தொகுப்பில் இருப்பது. பெயரிலேயே இருக்கிறது, ஒரு சுற்றுக்குப் பதினொன்று எண்ணிக்கை. அவர் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். நான் எதுவும் பேசவில்லை.

1978 முதல் ஏறக்குறைய எல்லாக் கச்சேரிகளிலும் இரண்டாம் பகுதியின் நடுவில் ஹார்ட்டும் பில் க்ராய்ட்ஸ்மனும் மட்டும் தாள வாத்தியம் வாசிக்கும் நேரம் ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபிக்குப் போகாத ரகத்தைச் சேர்ந்தவர் உங்கள் நண்பர் என்றால் இதைத் தரலாம். மற்றவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

போதை ஏறினால்தான் இந்த இசை புரியும் என்கிறார்களே?

தவறு. பதினைந்து வருடமாக டீ குடித்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

குழுவின் தொடக்கம் 1960களின் எல்எஸ்டி கொண்டாட்டங்களோடு பிணைந்தது என்பது வரலாறு, மறைப்பதற்கில்லை. அதன் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் கீபோர்டு கலைஞர் 'பிக்பென்' என்கிற ரான் மெக்கர்னன் குடியால் உடல் கெட்டு 1973இல் இருபத்தேழு வயதில் இறந்தார். கார்சியா பல ஆண்டுகள் ஹெராயினோடு போராடி, 1995 ஆகஸ்ட் 9 அன்று ஒரு மறுவாழ்வு மையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. அதே ரசிகர்களுக்குள்ளிருந்துதான் 'வார்ஃப் ராட்ஸ்' என்ற கூட்டமும் வந்தது. குடியையும் போதையையும் விட்டவர்கள் அவர்கள். கச்சேரிக்கு வந்து மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே இடைவேளையில் கூடி, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே போய் இசையைக் கேட்டார்கள். இசை புரியப் போதை வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்களைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இத்தனை ஆயிரம் பதிவுகள் எப்படி வந்தன? எங்கே கிடைக்கும்?

முப்பது வருடத்தில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ரசிகர்கள் கருவிகளை ஒளித்து எடுத்துவந்து ஒலிப்பதிவு செய்தார்கள். குழு அவர்களைத் துரத்தவில்லை. 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: கேசட்டைப் பகிரலாம், காசுக்கு விற்கக் கூடாது. இசைத்தட்டு விற்பனை கெடுமே என்று அஞ்சிய காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு இது. இன்று இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகளை இலவசமாகக் கேட்கலாம்.

குழுவுக்காகப் பதிவு செய்தவர்களில் பெட்டி கேண்டர் ஜாக்சன் என்ற பெண்ணின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதிவு செய்த நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, 1980களில் ஏலத்துக்குப் போய், அந்நியர் கைகளில் பல வருடம் இருந்து மீண்டன. 1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியும் அவர் பதிவுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அந்தக் கச்சேரியின் இரண்டாம் பகுதி 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' பாட்டில் தொடங்கி, நிற்காமல் 'ஃபயர் ஆன் த மவுண்டன்' பாட்டுக்குள் போகிறது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் இருக்கும். நண்பரிடம், முதல் பாட்டு எந்த நொடியில் இரண்டாவதாக மாறியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் முறை அவருக்கு அது தெரியாது. அலை ஒதுங்கிய பிறகுதான் வேறு கரையில் நிற்பது தெரியும். உடனே திருப்பிப் போட்டுத் தேடுவார். அந்தத் தேடலில் ஒருவர் முழுப் பாட்டையும் இரண்டு முறை கேட்டுவிடுவார் என்பதுதான் இதில் இருக்கும் தந்திரம்.

வரிகள் பிடிபடவில்லையே?

பெரும்பாலான பாட்டுகளை எழுதிய ராபர்ட் ஹண்டர் குழுவில் வாசிக்காத கவிஞர். சூதாடிகளும் ஆறுகளும் ரயில்களும் நிறைந்த பழைய அமெரிக்க நாட்டுப்பாடல் உலகம் அவருடையது. எல்லா வரிக்கும் உரை தேட வேண்டாம். ஒரே ஒரு பாட்டின் கதையைச் சொன்னால் போதும். ஃபில் லெஷ்ஷின் தந்தை புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். அவருக்குப் பாடிக்காட்ட லெஷ் ஒரு மெட்டை அமைத்து ஹண்டரிடம் கொடுத்தார். ஹண்டர் 'பாக்ஸ் ஆஃப் ரெயின்' எழுதிக்கொடுத்தார். மருத்துவ இல்லத்துக்குக் காரில் போகும் வழியில் லெஷ் அதைப் பாடிப் பழகினார். 'அமெரிக்கன் பியூட்டி' தொகுப்பின் முதல் பாட்டு இது. 1995 ஜூலை 9 அன்று சிகாகோவில், கார்சியாவோடு குழு வாசித்த கடைசிக் கச்சேரியின் கடைசிப் பாட்டும் இதுதான்.

எந்தக் காலத்துக் கச்சேரிகளைத் தர வேண்டும்?

1972, 1977. புதியவருக்கு இந்த இரண்டு வருடங்கள் போதும். 1974இல் சுமார் 600 ஸ்பீக்கர்களைச் சுவர்போல அடுக்கி வாசித்தார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு நாள் வேண்டும், ஆனால் அது ஏற்கெனவே மயங்கியவர்களுக்கான பேச்சு. 1990களின் பதிவுகளை, அந்த மார்சாலிஸ் இரவு நீங்கலாக, தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே, எப்போது கேட்கவைப்பது?

இரவுப் பயணம். பஸ்ஸோ ரயிலோ, ஜன்னலோர இருக்கை. விருந்தில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

பிடித்துவிட்டது போலிருக்கிறது. அடுத்து என்ன?

1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்தின் வெனிட்டா. நலிந்திருந்த ஓர் உள்ளூர்ப் பால்பண்ணைக்கு நிதி திரட்ட வெட்டவெளியில் வாசித்தார்கள். டிக்கெட்டை அந்தப் பண்ணையின் தயிர் லேபிளிலேயே அச்சிட்டிருந்தார்கள். வெயில் 38 டிகிரி செல்சியசைத் தாண்டியது. கிட்டார்த் தந்திகள் வெப்பத்தில் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் அரை மணி நேரம் போல 'டார்க் ஸ்டார்' வாசித்தார்கள். 2013இல் இந்தக் கச்சேரி முழுமையாக வெளியானது.

மிருதங்க நண்பருக்கு இதை நான் அனுப்பவில்லை. அவராகவே தேடிக் கேட்டிருக்கிறார். போன மார்கழியில் ஒரு கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது, "அந்த வெயில் நாளில், பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு டிரம்ஸ் மட்டும் தனியாக நிற்கிறதே, கவனித்தாயா?" என்று கேட்டார். கவனித்ததில்லை. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதைப் போட்டுக் கேட்டேன்.